காட்டுக்குப் பிறந்த வண்டி கடைத்தெருவுக்கு வந்த கதை

முகூர்த்த மாதங்களில் ஆரணி பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பம் குடும்பமாக வெளியூர்க்காரர்கள் வருவார்கள். முன்பெல்லாம் வேன் பிடித்து வந்தவர்களில் சிலர் இப்போது பெரிய எஸ்.யு.வி.யில் வருகிறார்கள். வண்டி தெருமுனை வரை கம்பீரமாக வரும். அதற்கப்புறம் தான் சோதனை! உள்ளே நுழைந்தால் திருப்ப முடியாது, அங்கேயே நின்றால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ போக முடியாது. கடைசியில் பெண்வீட்டார் எல்லோரும் இறங்கி நடந்து போவார்கள். டிரைவர் மட்டும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, அரை அடி அரை அடியாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்.

பாலைவனம், சேறு, மலை என்று எதையும் விடாமல் ஏறும் வண்டி ஒரு சாதாரணத் தெருவில் தோற்றுப் போவது வேடிக்கைதான். ஆனால் இது டிரைவரின் குற்றமோ ஆரணியின் குற்றமோ இல்லை. பெரிய சொகுசு ஆஃப் ரோடு வண்டி தினசரி ஓட்டத்துக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு எல்லோரும் வண்டியை மட்டும் பார்த்தே பதில் சொல்கிறார்கள். மைலேஜ் எவ்வளவு, சீட் எப்படி, பிக்கப் எப்படி... தெருவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிற, எடை குறைந்த, சின்ன வண்டி ஒன்று வேண்டும், அதுவும் 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. பேண்டம் என்ற சின்ன கம்பெனிதான் அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பாவம், பெரிய ஆர்டர்கள் வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. உலகப் போர் முடிவதற்குள் இந்த இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. இதில் கவனிக்க வேண்டியது வில்லீஸ் ஜீப்பின் அகலம். சுமார் 1575 மில்லிமீட்டர்தான்! நம் ஊர் அம்பாசடரை விட ஒல்லி. எடை ஒரு டன்னைச் சுற்றித்தான். எங்கும் போக வேண்டும் என்றால் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பொறியாளர்களின் புத்தி.

போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்து உழவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இது ரிப்பேர் ஆனால் வேறு என்ன வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. இரும்புக்கு ரேஷன் இருந்ததால் உடம்பு அலுமினியத்தில். எஞ்சினிலிருந்து பட்டை போட்டு மற்ற பண்ணை இயந்திரங்களையும் ஓட்டலாம். சொகுசு என்ற பேச்சுக்கே இடமில்லை. டிராக்டருக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஜாதி என்று சொல்லலாம்.

அதே காலத்தில் இந்தியாவிலும் ஜீப் வந்து இறங்கியது. 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து இரும்பு வியாபாரத்துக்காக மகிந்திரா அண்ட் முகமது என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போய்விட்டார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. (முகமது கூடவே இருந்திருந்தால் இன்று பொலேரோவின் பின்னால் வேறு பெயர் இருந்திருக்கும்.) 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லீஸ் ஜீப்களைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த ஜீப்பை வாங்கி ஓட்டியவர்கள் குறைவு. பார்த்து ஒதுங்கி நின்றவர்கள்தான் அதிகம்! பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் வந்தால் வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு வரும் திறந்த ஜீப். சினிமாவில் வில்லன் வருகிறான் என்றால் முதலில் புழுதி வரும், பிறகு ஜீப் வரும், கடைசியில் தான் வில்லன். வெள்ளைக்காரனுக்கு ஜீப் பண்ணைக் கருவி, நமக்கு அது அதிகாரத்தின் அடையாளம். மேற்கில் வண்டிக்குள் சொகுசு ஏறுவதற்கு முன்பே இங்கே அதன் மேல் அந்தஸ்து ஏறிவிட்டது. பிற்காலத்து சுமோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் எல்லாம் அரசியல்வாதிகளின் வீட்டு வாசலில் வரிசை கட்டி நிற்பதற்கு விதை இங்கே இருக்கிறது.

சரி, சொகுசு எப்போது வந்தது? எல்லோரும் ரேஞ்ச் ரோவரைத்தான் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் ஜீப் வேகனீர் 1960-களின் தொடக்கத்திலேயே குடும்பக் காருக்கான வசதிகளோடு வந்துவிட்டது. 1970 ஜூனில் வந்த முதல் ரேஞ்ச் ரோவரை இன்று பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டே கதவு. ரெக்சின் மாதிரி வினைல் சீட். பிளாஸ்டிக் டேஷ்போர்டு. சேறு பட்டால் உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம்! ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள் அதில் செய்த புதுமை வேறு இடத்தில் இருந்தது. லாரி போல பட்டை வில் போடாமல் காயில் ஸ்பிரிங் போட்டார்கள். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போகும்படி செய்தார்கள். அலுமினிய வி8 எஞ்சின் வைத்தார்கள். விளைவு, வயலில் போன அதே வண்டி நெடுஞ்சாலையில் காருக்குச் சமமாக ஓடியது.

ஆக, தினசரி ஓட்டத்துக்கும் ஆஃப் ரோடுக்கும் ஒரே வண்டி என்ற எண்ணத்தை ரேஞ்ச் ரோவர் நேர்மையாகவே நிறைவேற்றியது. அதன் அகலம் சுமார் 1780 மில்லிமீட்டர், எடை ஒன்றே முக்கால் டன்னுக்குள். 1971-72ல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் இரண்டு ரேஞ்ச் ரோவர்களை அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை ஓட்டிப் போனார்கள். நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காடு. அதையும் கடந்தார்கள்.

பணக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? 1981-ல் நான்கு கதவு வந்தது. அதே ஆண்டு வோக் ஃபேஷன் பத்திரிகையின் படப்பிடிப்புக்குப் போன ஒரு வண்டியை வைத்து, 'இன் வோக்' என்ற பெயரில் தனி பதிப்பே வெளியிட்டார்கள். 1982-ல் ஆட்டோமேட்டிக் கியர். 1987-ல் அமெரிக்க விற்பனை. தோல் சீட்டும் மரப் பலகை அலங்காரமும் ஏற ஏற, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற கதை முடிந்துபோனது. இன்றைய ரேஞ்ச் ரோவரின் அகலம் கண்ணாடியை மடக்கினால் 2047 மில்லிமீட்டர், விரித்தால் 2209. நீளம் ஐந்து மீட்டருக்கும் மேல். எடை சுமார் இரண்டரை டன். ஒரு ஆறு கெஜப் பட்டுச்சேலையின் அகலம் சுமார் 48 அங்குலம். கண்ணாடி விரித்த இந்த வண்டி 87 அங்குலம். ஏறக்குறைய இரண்டு சேலையைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்த மாதிரி!

இந்த வீக்கத்துக்கு வாடிக்கையாளரின் ஆசை மட்டும் காரணம் இல்லை. காமர்ஸ் படிப்பவர்கள் வாய் பிளக்க வேண்டிய இடம் இதுதான்... வரிச் சட்டம்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-ல் அமெரிக்கா கார்களுக்கு எரிபொருள் சிக்கன விதி கொண்டுவந்தது. ஆனால் விவசாயியும் கட்டட மேஸ்திரியும் ஓட்டும் சிறு லாரிகளுக்குத் தனியாகத் தளர்வான அளவு வைத்தார்கள். எஸ்.யு.வி. சட்டப்படி லாரி! அதிகப் பெட்ரோல் குடிக்கும் காருக்கு 1978-ல் போட்ட தனி வரியும் இதற்குக் கிடையாது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? குடும்பத்துக்கு லாரி விற்க ஆரம்பித்தன. 2002-ல் வந்த ஹம்மர் எச்2 ரொம்ப கனமான வாகன வகையில் சேர்ந்ததால் அதற்கு அரசு மைலேஜ் கணக்கே ஒட்ட வேண்டியதில்லை. 2003-ல் சிறு தொழில்களுக்கான சலுகை ஒரு லட்சம் டாலராக உயர்ந்தபோது, 6000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வண்டிகளும் அதற்குள் வந்தன. தொழிலுக்கு என்று கணக்கு காட்டினால், வாங்கிய வருடமே ஒரு லட்சம் டாலர் வரை செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஒரு டாக்டரோ வக்கீலோ சின்ன கார் வாங்கினால் தேய்மானம் சொட்டு சொட்டாகக் கிடைக்கும், ஹம்மர் வாங்கினால் மொத்தமாகக் கிடைக்கும். கூத்து பெரிதாகிப் போய், 2004 அக்டோபரில் எஸ்.யு.வி.க்கு 25,000 டாலர் என்று வெட்டினார்கள். பெட்ரோல் விலை ஏற்றமும் 2008 பொருளாதாரச் சரிவும் சேர்ந்து 2010-ல் ஹம்மரை மூடவைத்தன.

இந்தியாவில் கதை தலைகீழ். இங்கே வரி வண்டியைச் சின்னதாக்கியது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சின்ன எஞ்சின் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார் ப.சிதம்பரம். பிறகு 2013 பிப்ரவரி பட்ஜெட்டில் அவரே எஸ்.யு.வி. மீதான வரியை 27-லிருந்து 30 சதவீதமாக உயர்த்தினார். அதற்குச் சொன்ன காரணம்தான் முக்கியம். இவை சாலையிலும் பார்க்கிங்கிலும் அதிக இடத்தை எடுத்துக்கொள்கின்றன, அதனால் அதிக வரி கொடுக்கட்டும் என்றார். பெட்ரோலும் புகையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். தெருவின் இடத்துக்கு ஒரு விலை உண்டு என்று நாடாளுமன்றத்தில் ஒரு நிதி அமைச்சர் சொன்னது பெரிய விஷயம். ஆனால் எஸ்.யு.வி. என்பதற்கு 1500 சிசிக்கு மேல், நான்கு மீட்டருக்கு மேல், 170 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று இலக்கணம் வைத்தார்கள். அகலம் அதில் இல்லவே இல்லை! மகிந்திரா என்ன செய்தது? எக்ஸ்யுவி500 வண்டியின் கிளியரன்ஸை 160 மில்லிமீட்டராக இறக்கிவிட்டது. வண்டி அதே வண்டி, தெருவில் அடைக்கும் இடமும் அதே இடம், ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது எஸ்.யு.வி. இல்லை.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்த சில மாதங்களிலேயே பெரிய எஸ்.யு.வி.க்கு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய் 40 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியையும் உயர்த்தினார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீதம். 2024 மே மாதம் ரேஞ்ச் ரோவரை புனேயில் பூட்டப் போவதாக அறிவித்தபோது சொன்ன விலை 2.36 கோடி. அதற்கு 20 சதவீதம் என்றால் 47 லட்சத்து 20 ஆயிரம், ரோடு டாக்ஸ் மட்டும்! ஆறு லட்ச ரூபாய் காருக்கு 13 சதவீதப்படி 78 ஆயிரம். ஆனால் இரண்டு பேரும் ஓட்டுவது அதே ஆரணி–ஆற்காடு ரோட்டில்தான்.

இனி ஆரணிக்குத் திரும்பலாம். ஆரணிக்கு ஆஃப் ரோடு புதிதில்லை. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும் ராசா சாகிப்போடும் பிரெஞ்சுக்காரர்களோடும் மோதியது இந்த ஊர் அருகில்தான். சேற்று நெல்வயல்கள் எதிரிப் படையின் நகர்வைக் கட்டிப்போட்டது கிளைவுக்கு வசதியாகப் போனது. அன்றைக்கு நான்கு சக்கர டிரைவ் யாரிடமும் இல்லை! ஜாகிர்தார்களின் காலத்தில் எஸ்.வி. நகரத்தில் அரண்மனையும், பூசிமலைக்குப்பம் காட்டுப் பக்கம் ஒரு மாளிகையும் எழுந்தன. காட்டுக்குள் சொகுசு வேண்டும் என்ற ஆசை எஸ்.யு.வி.க்கு முன்பே இருந்திருக்கிறது.

ஆனால் ஊரின் தெருக்கள் வேறு கணக்கில் அமைந்தவை. நெசவாளர் வீட்டில் தறி உள்ளே குழியில் இருக்கும். பாவுக்கு அந்த இடம் போதாது. ஒரு பாவில் இரண்டு மூன்று சேலை நெய்ய வேண்டும், ஒவ்வொன்றும் ஆறு கெஜம். அதை நீட்டிப் பிடித்து, அறுந்த இழையை முடிந்து, சீராக்கிச் சுருட்டத் தெருதான் வேண்டும். அதனால் காலை வெயில் ஏறுவதற்கு முன் பல தெருக்களில் பாவு விரிந்து கிடக்கும். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பால்காரர் வண்டியை ஓரம் கட்டுவார். வீட்டின் ஒரு அறையைப் போலத்தான் தெரு. பகலில் அதுவே சாலை, சாயங்காலம் அதுவே திண்ணையின் நீட்சி.

இந்தத் தெருவில் நின்று பெரிய எஸ்.யு.வி.யை மதிப்பிட்டால் என்ன தேறும்?

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து வரும் வேகத்தடைகளில் அடி தட்டாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தையும் 2023 மிச்சாங் புயலையும் பார்த்தவர்களுக்கு, 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்ற ரேஞ்ச் ரோவரின் தகுதி வெறும் விளம்பரமாகத் தோன்றாது. ஏர் சஸ்பென்ஷன் ஏறும்போது தன்னைத் தாழ்த்திக்கொடுக்கிறது. அப்படியும் பட்டுச்சேலை கட்டிய பாட்டி ஏறுவதற்குள் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கும் என்பது தனிக்கதை. நெடுந்தூரப் பயணத்தில் அலுப்பே தெரியாது. பின்சக்கரமும் கொஞ்சம் திரும்புவதால், இவ்வளவு பெரிய வண்டிக்கு எதிர்பார்த்ததை விடச் சின்ன வட்டத்தில் திரும்புகிறது.

மற்றபடி தினசரி கணக்கில் நஷ்டம்தான். இரண்டரை டன்னை நிறுத்தி நிறுத்தி நகர்த்துவதற்கு எரிபொருள் வீணாகும். இது எந்தக் கம்பெனியின் எஞ்சினாலும் தப்பிக்க முடியாத கணக்கு, ஏனென்றால் ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த எடையை ஓடவைத்த சக்தி சூடாகிப் போகிறது. அழகுக்காக 22, 23 அங்குல வீல் போட்டால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக வீலுக்குத்தான். காட்டு வண்டிக்கு ரோட்டுப் பள்ளம் ஆகாது என்பதை என்னவென்று சொல்வது! சர்வீஸ் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். உயரமான வண்டி சடாரென்று திரும்பினால் கவிழும் ஆபத்து அதிகம் என்பதை அமெரிக்கா 2000-ல் கசப்பாகக் கற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் உருண்டதில் 270 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. இப்போதைய வண்டிகளில் அதைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் வாங்கியவரின் நஷ்டம். அவர் பணம், அவர் பாடு. தெருவின் நஷ்டம் தனி. ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர். எதிரெதிரே இரண்டு ஆட்டோ உரசாமல் போகிற தெருவில், இந்த வண்டியும் ஒரு பைக்கும் போக முடியாது. உயரமான பானட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாவு முடிபவரோ, ஓடி வரும் குழந்தையோ டிரைவர் கண்ணில் படமாட்டார்கள். கேமரா இருக்கிறதே என்பார்கள். அது வண்டிக்காரருக்குத்தான் உதவி, பாவைச் சுருட்டி வழிவிட வேண்டியது நெசவாளர்தான். பாரிஸில் இதே சண்டைதான் வேறு விதமாக நடந்தது. 2024 பிப்ரவரியில் கனமான வண்டிகளுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களிக்க வந்தவர்கள் குறைவு, ஆனால் வந்தவர்களில் 54 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். அக்டோபர் முதல் நகர மையத்தில் வெளியாட்களின் கனமான வண்டிக்கு மணிக்கு 18 யூரோ.

வேடிக்கை என்னவென்றால், ஆஃப் ரோடு வண்டி தினமும் நிஜமாகத் தேவைப்படும் இடம் ஆரணியிலிருந்து ரொம்ப தூரமில்லை. மேற்கே போளூர் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே மழைக்காலத்தில் மண் பாதையில் மூட்டையும் ஆளுமாக ஏறுவது பழைய மகிந்திரா ஜீப்களும் பிக்கப்களும்தான். சொகுசு கிடையாது, ஆனால் ஒல்லி. ரிப்பேர் ஆனால் மலையடிவாரத்து மெக்கானிக்கே பார்த்துவிடுவார். 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்ட அதே குணங்கள்!

வடகிழக்கே ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்று அறிவித்தார்கள். அந்த பிரிட்டிஷ் கம்பெனியை 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியிருந்தது. முழுத் திறனில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் என்பது திட்டம், 5,000 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்றார்கள். மாரிஸ் வில்க்ஸ் பண்ணை வேலைக்காக யோசித்த வண்டியின் வாரிசுகளுக்கும் ஆரணிக்கும் இடையே இப்போது இருப்பது ஆற்காடு, வாலாஜா வழியாக ஒரு மணி நேரச் சொச்சப் பயணம்தான். ஆரணித் தெருவில் பாவு விரிக்கும் நேரம் மட்டும் இன்னும் மாறவில்லை. காலையில் வருபவர்கள் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.